கான்செர்டினா வீக்கெண்டுக்கு ஆர்மோனியக்காரன் போலாமா? (யார்க்‌ஷயர், மே மாசம்)

லீட்ஸ்காரன்:
வணக்கம் மக்களே. ஊர்ல பஜனைக்கு ஆர்மோனியம் வாசிச்சுட்டு இருந்தவன் நான், இங்க லீட்ஸுக்கு வேலைக்கு வந்தப்ப பெட்டியைத் தூக்கிட்டு வர முடியல, ரொம்ப நாள் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்துட்டு கடைசில ஒரு ஜாக்கி வாங்கிட்டேன். தெரியாதவங்களுக்கு, அது ஆரம்பக்காரங்களுக்குன்னு பண்ற 30 பட்டன் இங்கிலிஷ் கான்செர்டினா, ரெண்டு கைலயும் பிடிச்சு அமுக்கி இழுத்து வாசிக்கிற ஆறுமூலைக் குட்டிப் பெட்டி. வீட்ல தனியா உக்காந்து வாசிச்சு சலிச்சுப்போச்சு, பக்கத்து வீட்டுக்காரரும் சலிச்சிருப்பாரு.

இங்கருந்து வடக்க ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குல, கிரின்டன் லாட்ஜ்னு ஒரு யூத் ஹாஸ்டல்ல, மே மாசம் ஸ்வேல்டேல் ஸ்க்வீஸ்னு கான்செர்டினாக்காரங்க கூடுறாங்களாம். யாராச்சும் போயிருக்கீங்களா? எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் (அஞ்சு கோட்டுல எழுதுற மேற்கத்திய முறை) சுத்தமா படிக்க வராது, ச ரி க ம தான். சைவம் வேற. அக்கார்டியன் வாசிக்கிற மச்சான் ஒருத்தன் இருக்கான், நானும் வர்றேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், அவனைக் கூட்டிட்டுப் போலாமா? அங்க ஒரு ஆளைக்கூட எனக்குத் தெரியாது, அதான் கொஞ்சம் உதறலா இருக்கு.

ஆறுமுகப்பெட்டி:
தைரியமா போங்க தம்பி. நான் நியூகாசில் பக்கம், அந்த லாட்ஜுக்குப் போய் வந்தவன்தான். அந்தக் காலத்துல வேட்டைக்கு வர்ற துரைங்க தங்கக் கட்டினது, பாக்க குட்டிக் கோட்டை மாதிரி ரீத் ஊருக்கு எதிர்ப்பக்கம் மேட்டு மேல தனியா நிக்கும், சுத்தி வெறும் புல்லு, கல்லடுக்கு வேலி, ஆடு. 2014ல டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் அந்த மேட்டு வழியாத்தான் ஏறிப்போச்சு, ஏத்தம் எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க. படுக்கை எல்லாம் பங்க் பெட்டு. ஒரே ரூம்ல நாலஞ்சு பேரு, அதுல ஒருத்தராவது குறட்டை விடுவாரு, காதுக்குப் பஞ்சு கொண்டு போங்க.

சாப்பாடு ஒரு பிரச்னையே இல்ல, பணம் கட்டும்போதே சைவம்னு சொல்லிடுங்க. அந்தக் கூட்டத்துல சைவம் சாப்பிடுற வெள்ளக்காரங்க நிறையவே இருப்பாங்க. ஆனா காரம் எதிர்பாக்காதீங்க, ஊறுகா பாட்டில் ஒண்ணு பையில இருக்கட்டும்.

இந்த மாதிரி வீக்கெண்ட் எல்லாமே ஒரே அச்சுதான். காலைல சிஸ்டம் வாரியா, அதாவது பட்டன் அடுக்கியிருக்கிற முறைய வச்சு, பிரிச்சு உக்கார வைப்பாங்க, இங்கிலிஷ்காரங்க ஒரு ரூம், ஆங்லோக்காரங்க ஒரு ரூம், டூயட்காரங்க எப்பவும் கம்மி, அவங்க ஒரு மூலை. அப்புறம் எல்லாரும் சேர்ந்து பேண்ட் மாதிரி வாசிப்பாங்க. சனிக்கிழமை ராத்திரி சொல்லிக்கொடுக்க வந்தவங்க கச்சேரி. அதுக்கப்புறம் செஷன், இஷ்டப்பட்டவங்க சுத்தி உக்காந்து சேர்ந்து வாசிக்கிறது, அது எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது.

மச்சான் விஷயம், அக்கார்டியன் வேண்டாம். ஏன்னு அப்புறம் எழுதுறேன், வேலைக்குப் போகணும்.

மெல்லிசைமணி:
ஏன் சார் வேண்டாம்? நான் சென்னைல மெல்லிசைக் குழுவுல வருஷக்கணக்கா அக்கார்டியன் வாசிச்ச ஆளு, எம்.எஸ்.வி. பாட்டு எடுத்தா அக்கார்டியன் இல்லாம மேடையேற முடியாது. ரைட் ஹேண்ட்ல மெலடி, லெஃப்ட் ஹேண்ட்ல 120 பேஸ், ஒரு ஆளே முழு ஆர்கெஸ்ட்ரா. நீங்க சொல்ற கான்செர்டினாவ நானும் பாத்திருக்கேன், சர்க்கஸ்ல கோமாளி கைல இருக்கும். அந்த பொம்மைய வச்சுக்கிட்டு அக்கார்டியன் வேண்டாம்னா எப்படி?

கொலுசு:
மணி சார் கோவப்படாதீங்க 😄 நான் அயர்லாந்துல லிமெரிக்ல இருக்கேன், பக்கத்து கவுண்ட்டி கிளேர்ல போய் "பொம்மை"ன்னு சொன்னீங்கன்னா டீ கூட தர மாட்டாங்க. அந்தக் காலத்துல அங்க வீட்டுக்கு வீடு கான்செர்டினாதான், அதுவும் பொம்பளைங்க நிறைய வாசிச்சிருக்காங்க. கில்ரஷ் ஊர்ல மிஸஸ் க்ரோட்டினு ஒருத்தங்க, எலிசபெத் க்ரோட்டி, 1885ல பொறந்து 1960ல இறந்தவங்க, புருஷனோட சேர்ந்து பப் நடத்திக்கிட்டே வாசிச்சுப் பேரெடுத்தாங்க, அந்தப் பாட்டியம்மா பேர்ல கில்ரஷ்ல விழாவே எடுத்திருக்காங்க.

லீட்ஸ்காரன், நொட்டேஷன் வரலன்னா யார்க்‌ஷயர விட இங்க வர்றதுதான் உங்களுக்கு சரி. ஜூலைல கிளேர்ல மில்டவுன் மால்பேங்கிற ஊர்ல வில்லி க்ளான்சி வாரம்னு இசை வகுப்பு நடக்கும், 1973லருந்து நடக்குது, அவ்ளோ சின்ன ஊரு அந்த வாரம் முழுக்க இசைக்காரங்களால வழியும். கிளாஸ்ல பேப்பரே கிடையாது. டீச்சர் ரெண்டு வரி வாசிப்பாங்க, நாம திருப்பி வாசிக்கணும், வரலன்னா மறுபடி. நம்ம ஊர் பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுக்குற மாதிரிதான், அடி மட்டும் விழாது.

ஆறுமுகப்பெட்டி:
கொலுசு, அவர் கைல இருக்கிறது இங்கிலிஷ் சிஸ்டம், கிளேர்ல சொல்லிக்கொடுக்கிறது ஆங்லோ, அதுல ஒரே பட்டன அமுக்கினா ஒரு ஸ்வரம், இழுத்தா வேற ஸ்வரம். அங்க போனா விரல் எல்லாத்தையும் அவரே தனியா கண்டுபிடிக்கணும். ட்யூன் வேணா காதுல ஏறும், கைக்கு யாரு சொல்லிக்கொடுக்கிறது?

மணி சார், பொம்மைன்னு சொன்னதுக்குக் கோவமில்ல, எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஒண்ணு பாருங்க. இங்கிலிஷ் கான்செர்டினாவக் கொண்டு வந்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். ஆமா, ப்ளஸ் டூ பிசிக்ஸ் லேப்ல கால்வனோமீட்டர் முள்ளு நடுவுல நிக்காம நம்மள அழவெச்ச அதே வீட்ஸ்டன் பிரிட்ஜ் ஆளுதான். (அந்த சர்க்யூட்ட முதல்ல சொன்னது கிறிஸ்டினு வேற ஒருத்தரு 1833ல, பேரு மட்டும் இவருக்குப் போச்சு. அது வேற கதை.) 1829ல முதல் பேட்டன்ட், அதே 1829லதான் வியன்னால டெமியான்னு ஒருத்தர் அக்கார்டியன்னு பேரு போட்டுப் பேட்டன்ட் வாங்கினாரு, ஆக ரெண்டு பெட்டிக்கும் வயசு ஒண்ணுதான். 48 பட்டன் ட்ரெபிள்ல (பரவலா இருக்கிற சைஸு) வயலினோட கீழ் ஸ்வரத்துலருந்து மூணரை ஸ்தாயி, எல்லா அரை ஸ்வரமும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டுல ரெகொண்டின்னு ஒருத்தர் இத வச்சு வயலின் கச்சேரிக்குச் சமமா மேடைல வாசிச்சிருக்காரு.

அக்கார்டியன் வேண்டாம்னு சொன்னது மட்டம் தட்டறதுக்கு இல்ல, சத்தம்தான் காரணம். கான்செர்டினால ஒரு பட்டன் அமுக்கினா ஒரு நேரத்துல ஒரே ரீட்தான் (காத்துல அதிர்ற உலோக நாக்கு) பேசும். அக்கார்டியன்ல ஒரு கீ அமுக்கினா ரெண்டு மூணு ரீட் சேர்ந்து பேசும், அதுலயும் முஸெட் ட்யூனிங்னா அந்த ரெண்டு ரீட்டை வேணும்னே கொஞ்சம் கொஞ்சம் விலக்கி வச்சிருப்பாங்க, அந்த அலை அலையா வர்ற நாதம் தனியா கேட்டா சொர்க்கம், பதினஞ்சு கான்செர்டினா நடுவுல வந்தா எங்க பெட்டிங்க எல்லாமே சுருதி சேராத மாதிரி கேக்கும். அதோட இது கான்செர்டினாக்காரங்களுக்குன்னே நடத்துறது. மச்சானுக்கு மெலோடியன் (பட்டன் வச்ச அக்கார்டியன்), அக்கார்டியன்காரங்க கூடுற வீக்கெண்டெல்லாம் இங்கிலாந்துல தனியா இருக்கு.

மெல்லிசைமணி:
சத்தம் சொன்னீங்க, அது நியாயம். நாங்களும் ட்ரூப்ல வயலின் சோலோ வந்தா சிங்கிள் ரீட் ஸ்விட்ச் போட்டுத்தான் வாசிப்போம். ஆனா கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக்கொத்து)? இடது கைக்கு பேஸும் கார்டும் இல்லாத பெட்டில பாட்டுக்கு அடித்தளம் எங்க இருக்கு?

ஆறுமுகப்பெட்டி:
அதுக்குத்தான் டூயட்னு ஒரு ஜாதி. இடது கைக்குக் கீழ் ஸ்வரம், வலது கைக்கு மேல் ஸ்வரம், உங்க பியானோ மாதிரி. மக்கான்னு ஒருத்தர் 1884ல பேட்டன்ட் எடுத்த அமைப்பு இன்னும் ஓடிட்டிருக்கு. ஆங்லோலயும் இடது கைல கார்டு பிடிக்கலாம். வில்லியம் கிம்பர்னு ஆக்ஸ்போர்டு பக்கம் ஹெடிங்டன் குவாரில ஒரு செங்கல் அடுக்குற கொத்தனாரு, 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாரிஸ்ங்கிற நாட்டுப்புற ஆட்டக்காரங்களுக்கு ஆங்லோ வாசிச்சிட்டிருந்தத செசில் ஷார்ப்னு ஒரு இசைக்காரர் பாத்துட்டு மறுநாளே கூப்பிட்டு ட்யூனெல்லாம் எழுதிக்கிட்டாரு. இங்கிலாந்துல நாட்டுப்புற இசை சேகரிக்கிற வேலையே அங்கருந்துதான் சூடு பிடிச்சுதுன்னு சொல்லுவாங்க. கிம்பர் வாசிச்ச பழைய ரிகார்டிங் கேட்டுப் பாருங்க, வலது கைல ட்யூனு, இடது கைல குத்து குத்துன்னு கார்டு, கால் தானா ஆடும்.

யாழ்_லண்டன்:
வணக்கம். இதை வாசிக்க நல்லாயிருக்கு. நான் தெற்கு லண்டனிலை இருக்கிறன். கார் பூட் சேலிலை ஒரு பழைய ஆறுமூலைப் பெட்டி வாங்கினனான், லாஷெனல் எண்டு போட்டிருக்கு, மரத்தாலை செய்த ஓரம், 48 பட்டன். ரெண்டு மூண்டு பட்டன் சத்தமே வரேல்லை, ஒண்டு அமத்தாமலே அழுதுகொண்டு இருக்கு. இது எந்த வருசத்துப் பெட்டி எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? திருத்தாமல் உந்த வீக்கெண்டுக்குக் கொண்டுபோனால் சிரிப்பினமோ?

பக்கத்திலை ஃபொரெஸ்ட் ஹில்லிலை ஹோர்னிமன் மியூசியம் இருக்கு, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகேக்கை பாத்தனான், கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கான்செர்டினா வரிசையா வைச்சிருக்கினம்.

ஆறுமுகப்பெட்டி:
அண்ணே, யாரும் சிரிக்க மாட்டாங்க, பொறாமைதான் படுவாங்க. ஹோர்னிமன்ல இருக்கிறது நீல் வெய்ன் சேத்து வச்ச கலெக்‌ஷன், 1996ல மியூசியம் வாங்குச்சு. வீட்ஸ்டன் கம்பெனியோட பழைய கணக்குப் புத்தகமும் அங்கதான் இருக்கு, ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டிருக்காங்க, வீட்ஸ்டன் பெட்டின்னா சீரியல் நம்பர வச்சு எந்தத் தேதில வித்தாங்கன்னு நிறைய பெட்டிக்குக் கண்டுபிடிச்சிடலாம். உங்க பெட்டியப் பண்ணின லாஷெனல் கம்பெனிக்கு அந்த மாதிரிக் கணக்குப் புத்தகம் மிஞ்சல. நம்பர வச்சு தோராயமா இந்தக் காலம்னுதான் சொல்ல முடியும்.

வாங்கினதும் ஏ நோட்ட அமுக்கி ட்யூனர்ல பாருங்க. பழைய பெட்டிங்க நிறைய இன்னிக்கு இருக்கிற 440 ஹெர்ட்ஸ் சுருதில இருக்காது, ஏத்தி 450 சொச்சத்துல ட்யூன் பண்ணியிருப்பாங்க. அப்படி இருந்தா தனியா வாசிக்கலாம், கூட்டத்தோட சேர முடியாது.

ரீட்_வைத்தியர்:
உள்ள வரலாமா. நான் திருச்சில ஆர்மோனியம், சுருதிப்பெட்டி ரிப்பேர் பண்றவன். கான்செர்டினா ரெண்டு கைக்கு வந்திருக்கு, சர்ச்சுல பழைய சாமானோட கிடந்தது. யாழ் அண்ணன் சொன்ன ரெண்டு வியாதிக்கும் மருந்து சொல்றேன்.

ரெண்டு முகத்துலயும் ஓரத்துல ஆறு ஆறு நீள ஸ்க்ரூ இருக்கும். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் வச்சு ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா சுத்துற வாக்குல தளர்த்துங்க, ஒண்ணையே முழுசா கழட்டிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க, மரம் கோணும். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைலருந்து வந்துச்சோ அதுலயே போகணும், ஒரு அட்டைல ஆறு ஓட்டை போட்டு அதே வரிசைல குத்தி வைங்க. மூடிய எடுத்தா ரீட் பலகை தெரியும், சக்கரக் கம்பி மாதிரி நடுவுலருந்து ஓரத்துக்கு அறை அறையா தடுத்திருப்பான். ஒவ்வொரு அறைலயும் பித்தளை சட்டத்துல எஃகு நாக்கு ஒண்ணு, அடிப்பக்கம் இன்னொண்ணு, ஒண்ணு அமுக்குறதுக்கு ஒண்ணு இழுக்குறதுக்கு. நம்ம ஆர்மோனியத்துல நாக்கும் பித்தளை, இதுல எஃகு, அதான் அந்தக் கூரான நாதம்.

சத்தம் வராத ரீட்டுல முக்காவாசி நேரம் தூசிதான். மெல்லிய பேப்பர் துண்ட நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவுல நுழைச்சு மெதுவா இழுத்தா போதும். எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க! அமுக்காமலே அழுதுன்னா தோல் பேட் சரியா மூடல, இல்ல பட்டன் அடியில இருக்கிற ஸ்ப்ரிங் போச்சு. அரம் எடுத்து ரீட்ட ராவுற வேலை மட்டும் பழகினவங்ககிட்ட விடுங்க, ராவின உலோகம் திரும்ப வராது.

யாழ்_லண்டன்:
ஐயா, மிச்சம் நன்றி. ஸ்க்ரூவை அட்டையிலை குத்துறது நல்ல யோசனை. சனிக்கிழமை திறந்து பாத்திட்டுச் சொல்லுறன்.

லீட்ஸ்காரன்:
ஒரு கேள்வி கேட்டேன், சர்வகலாசாலையே நடக்குது. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

நொட்டேஷன் விஷயம் இன்னும் தெளியல. எனக்குள்ள இன்னொரு குழப்பம். ஆர்மோனியத்துல எந்தக் கட்டைலயும் ச வச்சுக்கிட்டா மேல் ஸ்தாயியும் அதே கை, அதே விரல் போக்கு. இந்தப் பெட்டில ச இடது கை, ரி வலது கை, க இடது, ம வலதுன்னு மாறி மாறிப் போகுது, மேல் ச வரும்போது அது வலது கைக்குப் போயிடுது! அடுத்த ஸ்தாயி முழுக்க கை தலைகீழ். பழக்கமான பஜனைப் பாட்டே மேல் ஸ்தாயில போனா தடுமாறுது. இது எனக்கு மட்டும்தானா?

ஆறுமுகப்பெட்டி:
எல்லாருக்கும்தான். ஏழு ஸ்வரம் ஒத்தைப்படை, கை ரெண்டு, அதனால எட்டாவது எதிர்க்கைக்குத்தான் போகும். இது கோளாறு இல்ல, இந்த சிஸ்டத்தோட கணக்கே இதுதான். ஸ்டாஃப் நொட்டேஷன்ல கோட்டு மேல உக்காந்த ஸ்வரமெல்லாம் இடது கை, ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிறதெல்லாம் வலது கை. ஆக இந்தப் பெட்டி வச்சிருக்கிறவனுக்கு நொட்டேஷன் படிக்கிறது மத்தவங்கள விட லேசு, பேப்பரே கை பிரிச்சுச் சொல்லிடுது. ரெண்டு வாரம் ராத்திரி கால் மணி நேரம் உக்காருங்க, வேகமா வராது, ஆனா பேண்ட்ல கடைசி வரிசைல உக்காந்து நாலு ஸ்வரத்துக்கு ஒண்ணு பிடிச்சுப் போற அளவுக்கு வந்துடும். அது போதும், பக்கத்துல இருக்கிறவங்களும் அதைத்தான் பண்ணிட்டு இருப்பாங்க.

ச ரி க ம இங்க வீணாப் போகாது. இங்கிலாந்துல தொழிலாளிங்க பாட்டுக்குழு எல்லாம் 19ஆம் நூற்றாண்டுல டானிக் சோல்-ஃபான்னு டோ ரே மீல கத்துக்கிட்டதுதான். டோ எங்க வேணா நகரும், நம்ம ஷட்ஜம் மாதிரியே. வயசானவங்க சிலபேருக்கு இன்னும் வரும், ச ரி க மன்னு பாடிக் காட்டினா சட்டுனு பிடிச்சுப்பாங்க.

கொலுசு:
நான் ஒத்துக்க மாட்டேன். பேப்பரப் பாத்து வாசிக்கிறவங்க பத்துப்பேரு நடுவுல உக்காந்தா ஒரே சுவரைப் பாத்து வாசிக்கிற மாதிரி இருக்கும், யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. காதால கத்துக்கிட்ட பழக்கம் இருக்கிற ஆள எதுக்குப் பேப்பருக்கு இழுக்கிறீங்க? ட்யூன முன்கூட்டியே அனுப்பினா ரிகார்டிங் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டுப் போகட்டும்.

ஆறுமுகப்பெட்டி:
செஷனுக்கு நீங்க சொல்றது ரொம்ப சரி. பேண்டுக்கு சரிவராதும்மா. அங்க எல்லாரும் ஒரே ட்யூன் வாசிக்கிறதில்ல, ட்ரெபிள், பாரிடோன், பேஸ்னு மேல், நடு, கீழ் ஸ்தாயிப் பெட்டிங்களுக்குத் தனித்தனி வரி. வடக்கத்தி சுரங்க ஊர்ல, மில்லு ஊர்லயெல்லாம் அந்தக் காலத்துல பித்தளை பேண்டோட போட்டி போட்டு கான்செர்டினா பேண்ட் இருந்துச்சு, அந்த வழக்கம்தான் இது. பேஸ் கான்செர்டினா தலையணை சைஸு இருக்கும், சில பேஸ் பெட்டில அமுக்கும்போது மட்டும்தான் சத்தம், இழுக்கும்போது வால்வ் திறந்து காத்து மட்டும் உள்ள போகும். அந்தப் பெரிய ரீட் பேச ஆரம்பிக்கவே ஒரு நொடிப்பொழுது ஆகும், அதனால அந்த ஆள் எல்லாருக்கும் முன்னாடியே அமுக்கணும். தாளத்துல பின்னாடி விழுந்துட்டு வேர்த்துப்போய் உக்காந்திருந்த பேஸ்காரரப் பாத்திருக்கேன், பாவம். ஆனா அந்தக் கீழ் ஸ்வரம் வந்து விழும்போது நாம உக்காந்திருக்கிற பெஞ்சே அதிரும், அந்த சுகம் தனியா வீட்ல வாசிச்சா வராது.

மெல்லிசைமணி:
அந்த பேஸ் பெட்டி விஷயம் கேக்கவே ஆசையா இருக்கு. ஆர்மோனியத்த ஆல் இந்தியா ரேடியோ 1940லருந்து 1971 வரைக்கும் உள்ளயே விடல, சுருதி நிக்கும், கமகம் வராதுன்னு. ரீட் பெட்டிக்காரங்க எல்லாருமே எங்கயாவது வாசல்ல நின்னவங்கதான். லீட்ஸ் தம்பி, கர்நாடக சங்கீதம் இதுல வருமான்னு யாராச்சும் பாத்தீங்களா?

லீட்ஸ்காரன்:
கமகம் வராது சார். பக்கத்து ஸ்வரத்தத் தொட்டு விட்டு ஏமாத்தலாம், தோடி எல்லாம் கிட்டயே போக முடியாது. மோகனம், சங்கராபரணத்துல நேரா போற பஜனைக்கு அழகா இருக்கு. ஒரு விஷயம் படிச்சேன், பழைய இங்கிலிஷ் பெட்டில டி ஷார்ப்புக்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் தனித்தனி பட்டன், ஜி ஷார்ப், ஏ ஃப்ளாட்டுக்கும் அப்படியே. முதல்ல அதுங்களை வேற வேற சுருதிலயே ட்யூன் பண்ணியிருந்தாங்களாம், ஸ்தாயிக்கு 14 ஸ்வரம். இப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு ட்யூன் பண்ணிடுறாங்க. யாழ் அண்ணன் பெட்டில அது எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லணும்.

யாழ்_லண்டன்:
திறந்து பாத்தாச்சு. ஐயா சொன்ன மாதிரித்தான், ஒரு ரீட்டுக்குள்ளை நூல் துண்டு, மற்றதுக்குள்ளை ஏதோ செத்த பூச்சி. பேப்பரை விட்டு இழுக்க வந்திட்டுது. அழுற பட்டனுக்கு ஸ்ப்ரிங் உடைஞ்சு கிடக்கு, ஓடர் பண்ணிப்போட்டன். ஏ நோட் 440க்கு நல்லா மேலைதான் நிக்குது. டி ஷார்ப்பும் ஈ ஃப்ளாட்டும் ட்யூனரிலை ஒண்டாத்தான் காட்டுது தம்பி, ஆரோ இடையிலை மாத்திப்போட்டினம் போலை. அப்ப பேண்டிலை நான் சேரேலாது, என்ன?

ஆறுமுகப்பெட்டி:
அந்தப் பெட்டியோட பேண்ட்ல சேர முடியாதுண்ணே. ஆனா வாங்க. இந்த மாதிரி இடத்துல ஸ்பேர் பெட்டி கொண்டு வர்றவங்க இருப்பாங்க, முன்னாடியே நடத்துறவங்ககிட்ட கேட்டு வைங்க. உங்க லாஷெனலயும் கொண்டாங்க, திருத்துறவர் யாராச்சும் வந்தா பாத்து, 440க்கு எறக்க என்ன செலவாகும்னு சொல்லுவாரு.

லீட்ஸ் தம்பி, பஸ்ஸ நம்பாதீங்க. அந்தப் பக்கம் இருக்கிற ரிச்மண்ட் ஊர்ல ரயிலே இல்ல, ஸ்டேஷன 1969லயே மூடிட்டாங்க. டார்லிங்டன் வரைக்கும் ரயில், அங்கருந்து ரிச்மண்டுக்கு பஸ், அங்கருந்து ரீத்துக்கு எப்பவாவது ஒரு பஸ், அப்புறம் பெட்டிய முதுகுல போட்டு ஏத்தம். நான் வெள்ளிக்கிழமை மதியம் கார்ல கிளம்புறேன், டார்லிங்டன் ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு பேருக்கு இடம் இருக்கு.

லீட்ஸ்காரன்:
அண்ணே ஒரு சீட் எனக்கு! இன்னொண்ணு யாழ் அண்ணனுக்கு வச்சிடுங்க. புக்கிங்குக்கு மெயில் போட்டுட்டேன், சைவம்னும் எழுதிட்டேன். மச்சான்கிட்ட சொன்னேன், கோவிச்சுக்கிட்டு பட்டன் பெட்டி விலை எவ்ளோன்னு நெட்ல தேடிட்டு இருக்கான்.

மெல்லிசைமணி:
மச்சானுக்கு என் ஓட்டு டூயட்டு. அந்த பேஸ் பெட்டி வாசிக்கிறத மறக்காம போன்ல பிடிச்சு இங்க போடுங்க.